பித்தளைக் கோடு

லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தை விட்டு
நாலு நிமிடம் நடந்தால்
நடைபாதையில் ஒரு பித்தளைக் கோடு.
விரல் அகலம் இராது.
இந்தப் பக்கம் லண்டன்.
அந்தப் பக்கம் நாங்கள்.

இரு பக்கமும் ஒரே கருங்கல், ஒரே சாம்பல்.
மழை வித்தியாசம் பார்ப்பதில்லை.
பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்,
மணிக்குப் பதினாலு பவுண்டு, சாப்பாட்டு நேரம் பிடித்தம்.

'அனைவரும் வருக' என்கிறது பலகை.
அனைவரும் உட்காரலாம். சாயக் கூடாது.
ஃபோனில் படம் எடுக்கலாம். முக்காலி வைத்தால்
என்னைக் கூப்பிடுவார்கள்.
பெஞ்சில் இரண்டடிக்கு ஒரு இரும்புக் கைப்பிடி:
உரையாடலுக்கான இடைவெளி என்றாராம் வரைபடம் போட்டவர்.
படுத்த ஆளின் நீளம் அறிந்தவர்தான்
அதை அளந்திருக்க முடியும்.

நாற்பத்தொரு மாடிக் கண்ணாடியில் மோதும் காற்று
போக இடமின்றிக் கீழே இறங்குகிறது.
புதன்கிழமை ஒருவருடைய குடை
என் காலடியில் வந்து செத்தது.
காற்றைத் தடுக்க ஒன்பது மரங்கள் வைத்தார்கள்.
மரங்களைக் காற்றிலிருந்து காக்கக்
கம்பி இழுத்துக் கட்டினார்கள்.
கம்பியில் யாரும் தடுக்கி விழாதிருக்க
என்னை நிறுத்தினார்கள்.

உள்ளே சுழல்கதவு. தள்ள வேண்டாம், அதுவே வரும்.
வரவேற்பறை ஐந்து மாடி உயரம்; அந்த உயரத்தில்
யாரும் எதுவும் செய்வதில்லை.
ஒரு சுவர் முழுக்கப் பாசி,
உயிரை எடுத்துப் பதப்படுத்தியது, தண்ணீர் கேட்காது.
லிஃப்டுக்குள் பொத்தான் இல்லை.
எந்த மாடியென்று வெளியிலேயே சொல்லிவிட வேண்டும்.
பாதி வழியில் மனம் மாறுகிறவர்களுக்கு
இந்தக் கட்டடத்தில் ஏற்பாடில்லை.
க்வாபெனா ஒருமுறை தவறி ஏறி
முப்பத்திரண்டு வரை போய் வந்தான்.
மேகம் கண்ணுக்கு நேரே இருந்ததாம்.
கார்ப்பெட் நல்ல கார்ப்பெட்டாம்.

பயிற்சி வகுப்பில் பிலிப்பா சொன்னாள்:
கேட்டு நடந்தால் அது சலுகை.
கேட்காமல், யாரும் தடுக்காமல்,
இருபது வருடம் நடந்தால் அது வழி.
பிறகு எவராலும் மூட முடியாது.
ஆகவே வருடத்தில் ஒரு நாள் மூடிக் காட்ட வேண்டும்,
கால்கள் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாதபடி.

கிறிஸ்துமஸ். ரயில் இல்லை, பஸ் இல்லை.
பிளாஸ்டோவிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து
எட்டு மணிக்குச் சங்கிலியை மாட்டினேன்.
யாருக்கு எதிராக என்று சுற்றிலும் பார்த்தேன்.
ஒரு புறா கோட்டைக் கடந்தது.
பதிவேட்டில் புறாவுக்குக் கட்டம் இல்லை.
நேற்றைய வடை இரண்டை
எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து தின்றேன்.
வெளி உணவு. விதி ஏழு.

ஒன்பதரைக்கு அவள் வந்தாள்,
இரவுப்பணி முடித்த நர்ஸ்.
ஜாக்கெட்டுக்குக் கீழே நீலச் சீருடை, அட்டையில் ஒலுச்சி.
பெயர் அன்றுதான் தெரியும்;
தினமும் குறுக்கே போகும் அந்த வெள்ளைச் சப்பாத்து
மூன்று வருடமாய்த் தெரியும்.
சங்கிலியைப் பார்த்தாள்.
சுற்றிப் போனால் எவ்வளவு என்று தெருவைப் பார்த்தாள்.
பிறகு என்னை.

வாய் திறந்தாள்.
"கேட்காதீங்க" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. முகம் சுருங்கிற்று.
மறுபடி தொடங்கினாள்.
"தயவுசெய்து, எதையும் கேட்காதீங்க."

திரும்பி நின்றுகொண்டேன்.
கண்ணாடியில் பின்னால் நடப்பதெல்லாம் தெரியும்;
அதனால் குனிந்தேன்.
பூட்ஸ் கயிற்றை முழுவதும் அவிழ்த்து
முதல் துளையிலிருந்து
நிதானமாகக் கோத்தேன்.
முதுகுக்குப் பின்னால் சங்கிலி
ஒருமுறை குலுங்கி ஓய்ந்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
அனுமதி கொடுத்தது, எவருக்கும் இல்லை.
பொய் இல்லை.